எல்லை வேலியில் ஒரு பால்மாப் பேணி

முப்பத்தைந்துக்குள்ளேயே தலைக்கு மை பூசத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரரே, பழியை மன்னாரின் உப்புத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு இதைக் கொஞ்சம் கேளுங்கள். உங்களில் எத்தனை பேருக்கு இன்ஃப்ராரெட் ஞாபகம் இருக்கிறது? போன மாதம் என் மகனுக்கு அதை விளங்கப்படுத்திப் பார்த்தேன். இரண்டு கொம்பியூட்டர்களில் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கொளுவி, அந்தப் பெட்டிகளை ஒன்றையொன்று பார்க்க வைத்தால், நடுவில் வயரே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் இங்கிருக்கிற படம் அங்கே போகும் என்றேன்.

“பாக்காட்டிப் போகாதோ?” என்று கேட்டான்.

“போகாது. கொஞ்சம் திரும்பினாலும் நிண்டிடும்.”

“அப்ப அது பழுதம்மா,” என்று சொல்லிவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிட்டான். பழுதில்லையடா, அது அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு போய் உலையை வைத்தேன்.

நான் சொல்லப்போவது, சமாதானம் சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் கடைசியில், மன்னார்த் தீவில், ஒரு சோழகக் காற்றுக் காலத்தில் நடந்தது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் புருசனுக்குக்கூடச் சொன்னதில்லை.

முதலில் வேலியைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் கதை இல்லை.

என் அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே சீதனக் காணியை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீடு ஒழுங்கையைப் பார்த்தபடி முன்னுக்கு, அவர்கள் வீடு பின்னுக்கு. நடுவில் பனையோலை வேலி. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எல்லைக்கல்லைக் காணவில்லை. பெரியப்பா தன் கணக்குக்குக் கதியால் தடிகள் நட்டு வேலி போட்டார். ஒன்றரை அடி எங்கள் பக்கம் தள்ளிவிட்டது என்றார் அம்மா. தள்ளவில்லை, எங்கட பக்கம்தான் இழுத்துப் போட்டோம் என்றார் பெரியம்மா. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஒரு வேலி யாருடையதோ அவருக்குத்தான் அதை ஓலை கட்டி அடைக்கிற உரிமை. ஆகவே அது யாருடைய வேலி என்பதுதான் வழக்கே. ஊர் விதானையார் அளவு நாடாவோடு வந்து, இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து, ஒன்றும் சொல்லாமல் போனார். வேதக்கோயில் பங்குச் சுவாமியும் வந்து பார்த்தார். தீராத வழக்கில் இரண்டு பேருமே வருசா வருசம் ஓலை வாங்கி ஆளுக்கொரு பக்கம் அடைத்தார்கள். ஊரிலேயே இரட்டை ஓலை போட்ட வேலி எங்களுடையதுதான். கோழிகூட மூக்கை நுழைக்க முடியாது. முன்பு நாங்கள் நுழைந்து போய்வர வேலியில் இருந்த பொட்டும் அடைபட்டுப்போனது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கை என்றால் கேட்கவா வேண்டும்! ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லுவார் சுவாமி. அம்மா சட்டென்று இடப்பக்கம் திரும்பி யாரோ முன்பின் தெரியாத கிழவிக்குக் கும்பிடு போடுவார். இரண்டு வாங்குப் பலகை தள்ளியிருக்கிற பெரியம்மா வலப்பக்கம் திரும்புவார். மூன்று வருசமாக இதே நாடகம்.

பெரியம்மாவின் மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருப்போம். வீட்டு வாசல் படலையடிக்கு வந்ததும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் பிரிந்து போவோம். வீட்டில் அவள் பெயரைச் சொன்னால் அம்மாவின் முகம் புளிக்கும்.

இந்த நிலைமையில்தான் மாமா ஜெர்மனியிலிருந்து வந்தார். இரண்டு அக்காமாருக்கும் ஒரே தம்பி. எதைக் கொண்டுவந்தாலும் இரண்டாகத்தான் கொண்டுவருவார். ஒன்று கூடிக் குறைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கொரு சொக்லேற் பை, ஆளுக்கொரு சுவர் மணிக்கூடு. அந்த முறை, அங்கே ஒரு கந்தோரில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஆளுக்கொன்று. அதோடு சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்புப் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால் வயர். முன்பக்கம் கருஞ்சிவப்புக் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக். திறந்தபோது புதுச் செருப்பு மணம் வந்தது.

“இதென்ன தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“வயர் இல்லாமல் ரெண்டு கொம்பியூட்டரும் கதைக்கும் அக்கா. இனி உங்கட வேலி என்ன, சீனப் பெருஞ்சுவர் கட்டினாலும் பிள்ளையள் கதைக்குங்கள்.”

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தார்.

மாமா பாவம், வயர் இல்லை என்றால் ரேடியோபோல எங்கிருந்தும் பிடிக்கும் என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டு மண்டபத்தில் ஒன்று, பெரியம்மா வீட்டு அறையில் ஒன்று. இங்கே எதையோ தட்டுவார், ஒழுங்கையால் சுற்றி அங்கே ஓடுவார், அங்கே எதையோ தட்டுவார், திரும்பி ஓடிவருவார். இடுப்புச் சாரம் தடக்கி ஒருமுறை படலையடியில் விழுந்தும் எழும்பினார். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள்தான் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்தார். அது முழுக்க ஜெர்மன் பாசை. வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

“ஒரு மீற்றருக்குள்ள இருக்கவேணுமாம். நேருக்கு நேர் பாக்கவேணுமாம். நடுவில ஒண்டும் மறைக்கக்கூடாதாம். வெய்யில் படக்கூடாதாம்.”

“மன்னாரில வெய்யில் படக்கூடாதாமோ?” என்று பெரியப்பா பின்பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தார். அவர் படகு இஞ்சின் திருத்துகிறவர். கையில் எப்போதும் கிறீஸ். வேலிச் சண்டையில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கதியால் நட்டதோடு சரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சிரிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும். அம்மாகூட அதற்கு வாய்க்குள் சிரிப்பார்.

வழியைக் கண்டுபிடித்ததும் பெரியப்பாதான். எங்கள் பின்பக்க யன்னலும் அவர்களுடைய குசினிப் பக்க யன்னலும் வேலிக்கு இரண்டு பக்கமும் கிட்டக் கிட்ட இருந்தன. கொம்பியூட்டர்களை அந்த யன்னல்களடிக்கு மாற்றினார்கள். வால் வயரோடு இன்னொரு வயரைத் தொடுத்து, கறுப்புப் பெட்டியை யன்னலால் வெளியே விட்டால் வேலிவரை வந்தது. பிறகு ஒரு பால்மாப் பேணியை எடுத்து, அடித் தகரத்தை வெட்டி, இரண்டு பக்கமும் திறந்த குழாயாக்கி, இரட்டை ஓலையைக் கத்தியால் அறுத்து வேலிக்குள் சொருகினார் பெரியப்பா. இந்த வாயில் ஒரு பெட்டி, அந்த வாயில் ஒரு பெட்டி. நடுவில் ஒரு சாண் இருட்டு. வெயில் உள்ளே போக வழியில்லை.

என் கொம்பியூட்டர் ‘டிங்’ என்று ஒரு சத்தம் போட்டது. திரையின் மூலையில் குட்டியாக ஒரு படம் எழும்பியது. வேலிக்கு அந்தப் பக்கமும் ‘டிங்’.

“அடி சக்கை!” என்று கத்தினார் மாமா.

அந்த வெளிச்சத்தைக் காட்டுங்கோ என்று நான் கரைச்சல் கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவர் தன் டிஜிட்டல் கமராவைப் பேணியடிக்குக் கொண்டுவந்து அதன் திரையைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குக் கறுப்பாக இருந்த அந்தப் பிளாஸ்டிக், கமராத் திரையில் ஊதா நிறத்தில் மினுங்கி மினுங்கி எரிந்தது.  எத்தனையோ வெளிச்சம் பார்த்துவிட்டேன், அந்த ஊதாவை மட்டும் பிறகு காணவேயில்லை.

மாமா திரும்பிப் போன மறுநாளே பெரியம்மா அந்தப் பேணியை ஓலையால் மூடினார். அம்மாவும் தன் பக்கத்தில் மூடினார். அந்த ஒரு காரியத்தில் மட்டும் சகோதரிகளுக்குள் என்ன ஒற்றுமை! அடுத்த வாரமே நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் கதைத்துவைத்து, ஓலையை மெல்ல விலக்கிவிட்டோம்.

அந்தச் சோழகம் முழுக்க நாங்கள் அந்தப் பேணியால் வாழ்ந்தோம் என்றுதான் சொல்லவேண்டும். பள்ளியால் வந்து, சோறு தின்று, அம்மா கண்ணயர்கிற நேரம் பார்த்து யன்னலடிக்குப் போவேன். கறுப்புப் பெட்டியை வெளியே விட்டுப் பேணி வாயில் வைப்பேன். காற்று மணலை அள்ளி எறியும். உப்புப் படிந்து பிளாஸ்டிக் மங்கும். சட்டை நுனியால் துடைத்துத் திரும்ப வைப்பேன். சில நாள் அவள் இன்னும் வந்திருக்க மாட்டாள். காத்திருப்பேன். பிறகு அந்த ‘டிங்’ கேட்கும். இப்போது என் போன் ஒரு நாளைக்கு நூறு தரம் சத்தம் போடுகிறது, ஒன்றுக்கும் நெஞ்சு துள்ளுவதில்லை.

என்ன அனுப்பினோம் என்று கேட்காதீர்கள், சொன்னால் சிரிப்பீர்கள். கொம்பியூட்டரில் கீறிய படங்கள்: கணக்கு ரீச்சரின் கொண்டை, ஒழுங்கையில் வேலியைத் தின்னுகிற கழுதை, எங்கள் இரண்டு அம்மாமாரும் பூசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற காட்சி. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்க் கடிதங்கள். ஒரு கடிதம் போய்ச் சேர, திரையில் ஒரு நீலக் கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகரும். அந்தக் கோடு நகர்கிற நேரம் அசையக்கூடாது. கழுதை வேலியில் முதுகைத் தேய்த்தால் போச்சு, எல்லாம் முதலிலிருந்து.

அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார். பிடிபட்டேன் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

“கொக்காவின்ர அம்மாவுக்குக் காய்ச்சலாம் எண்டு கதைக்கினம். உண்மையோ எண்டு கேள்.”

கொக்கா என்றால் உன் அக்கா, என்னைவிட மூன்று மாதம் மூத்த அவள்தான்; நான் தட்டினேன். வந்த பதிலை அம்மாவுக்குச் சொன்னேன். “ஓமாம். மூண்டு நாளாச் சாப்பிடேல்லையாம்.”

“எனக்கென்ன,” என்றார் அம்மா. அன்று பின்னேரம் மல்லித் தண்ணி போத்தலொன்று எங்கள் படலையடிக் கல்லில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது அங்கே இல்லை. மறுநாள் கழுவின போத்தல் திரும்ப அதே கல்லில் இருந்தது.  பிறகு “என்ன கறியாம் அங்க?” என்று கேட்பது அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே பெரியம்மாவும் அப்படித்தான் கேட்கிறாவாம் என்று அவள் எழுதினாள். திருநாளுக்கு முந்தி இரண்டு பேரையும் கதைக்கவைத்துவிடலாம் என்று நாங்கள் பெரிய திட்டமெல்லாம் போட்டோம். நடந்திருக்கும். நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், நடந்திருக்கும்.

காலம் அதற்குள் கெட்டுவிட்டது. தலைமன்னார் றோட்டில் எங்கேயோ வெடித்தது, முருங்கன் பக்கம் பஸ் நின்றுபோனது என்று கதைகள் வரத் தொடங்கின. ஒழுங்கைகளில் ஆமி ரோந்து கூடியது. பெரியவர்கள் ரேடியோவைச் சத்தம் குறைத்துக் கேட்டார்கள். எங்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பள்ளி லீவு விட்டிருந்தது. அவள் கோயில் பாட்டுக் குழுவில் தனியாகப் பாடத் தெரிவாகியிருந்தாள். அந்தப் பாட்டைக் கொம்பியூட்டரில் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறேன், கேட்டுச் சரிபிழை சொல் என்று எழுதியிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து மணியிருக்கும். அப்பா கந்தோருக்குப் போய்விட்டார். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பாட்டு வந்துகொண்டிருந்தது. பெரிய கோப்பு என்றபடியால் நீலக் கோடு ஆமைபோல் நகர்ந்தது. பாதி வந்திருக்கும். அப்போதுதான் முன் யன்னலால் ஒழுங்கையைப் பார்த்தேன். ஆமிக்காரர், ஒரு வரிசையாக. அடுத்த வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு முன்னுக்கு என்று சொன்னேனே, அவள் இருந்த இடத்திலிருந்து ஒழுங்கை தெரியாது.

நான் வயரை இழுத்தேன். கறுப்புப் பெட்டி மணலில் உரசிக்கொண்டு வந்தது. வயரைச் சுற்றினேன். அரிசிமா வாளியைத் திறந்து மாவுக்குள் பெட்டியைப் புதைத்தேன். மூடியை இறுக்கினேன். கையில் ஒட்டின மாவைச் சட்டையில் துடைத்தேன். இவ்வளவுக்கும் எனக்கு நேரம் இருந்தது. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எனக்கு நேரம் இருந்தது. இழுக்க முதல் இரண்டு சொல்லுத் தட்டியிருக்கலாம். பின் யன்னலால் “ஆமி!” என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். அவளும் தன் பக்கத்தை இழுத்திருப்பாள். வேலியில் வெறும் பேணிதான் மிஞ்சியிருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை.  பயம்தான். பயத்தில் எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது.

வீட்டுக்குள் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், மரியாதையாகத்தான் பார்த்தார்கள். பின்வளவுக்குப் போன ஒரு ஆமிக்காரன் திடீரென்று கத்தினான். எல்லாரும் பின்னுக்கு ஓடினார்கள். வேலியில் ஒரு தகரப் பேணி. அதன் மறு வாயில் கறுப்பாக ஏதோ ஒன்று. அதிலிருந்து ஒரு வயர், அந்தப் பக்கத்து யன்னலுக்குள் போகிறது. அந்த நாட்களில் பேணியையும் வயரையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வரும்.

எங்களை முன்வளவில் நிறுத்தினார்கள். சுற்றி அந்தப் பக்கமும் ஆட்கள் போனார்கள். பெரியம்மாவையும் பெரியப்பாவையும் அவளையும் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரே நிறுத்தினார்கள். அக்காவும் தங்கையும் மூன்று வருசத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் நின்றது அப்போதுதான்.

“மே வெட்ட காகெத?” என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி.

தமிழ் தெரிந்த ஒருவன் திருப்பிச் சொன்னான். “இந்த வேலி யாரது? சொல்லுங்க.”

அம்மாவின் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கையை நீட்டிப் பெரியம்மாவைக் காட்டினார்.

“அவையின்ர. எங்கட இல்லை ஐயா. அது அவையின்ர வேலி.”

விதானையாருக்கும் சுவாமிக்கும் ஊருக்கும் மூன்று வருசமாக, அது என்ர வேலி, என்ர தாய் தந்த வேலி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வத்தின மனுசி. ஒரே வசனத்தில் கொடுத்துவிட்டார்.

பெரியம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுக்கலாம். தங்கச்சிதான் இவ்வளவு காலமும் தன்ர எண்டு வழக்காடினவ, விதானையாரைக் கேளுங்கோ என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் அங்கே நின்ற முழு ஒழுங்கையும் சாட்சி சொல்லியிருக்கும்.

“ஓம் ஐயா,” என்றார் பெரியம்மா. “எங்கட வேலிதான்.”

அதை ஏன் சொன்னார்? பல வருசம் நான் நினைத்தேன், வென்றுவிட்ட சந்தோசத்தில் சொன்னார் என்று. அவ்வளவு சனத்துக்கு முன்னால், தங்கச்சியின் வாயாலேயே வந்துவிட்டதே! அதை விடுவாரா? இப்போது நானும் ஒரு தாய். தங்கச்சியின் சட்டைக்குப் பின்னால் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கிறதைக் கண்டு சொன்னாரோ என்று நினைக்கிறேன். இரண்டில் எது என்று கேட்க இனி ஆளில்லை.

பெரியப்பாவை ஏற்றினார்கள். இஞ்சின் திருத்துகிற ஆளின் வீட்டில் வயருக்கும் பற்றரிக்கும் என்ன குறை? எல்லாவற்றையும் சாக்கில் போட்டார்கள். கொம்பியூட்டரையும் ஏற்றினார்கள். “பிள்ளையள் விளையாடுற சாமான் ஐயா, கொம்பியூட்டர்ச் சாமான்,” என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அது உண்மை என்று காட்ட, அதே மாதிரி இன்னொரு பெட்டி இருபது அடி தள்ளி மாவுக்குள் கிடந்தது. சோடியாகக் காட்டினால் அங்கேயே விளங்கியிருக்கும். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் அந்தப் பெட்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அப்பாவிடம் கொடுத்தனுப்புங்கோ அம்மா, முகாமில் காட்டட்டும் என்று அழுதேன். அம்மா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

“கொப்பரையும் பிடிச்சு வைச்சால் நான் என்ன செய்வன்?” என்று கேட்டார். பிறகு அடுப்புக்குள் வைத்தார். “நீ ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை. விளங்கிச்சே?”

பிளாஸ்டிக் உருகின நாற்றம் இரண்டு நாள் குசினியை விட்டுப் போகவில்லை. அப்பா கேட்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்கும்.

பதினொரு நாளுக்குப் பிறகு பெரியப்பா வந்தார். பங்குச் சுவாமிதான் மாமாவோடு கதைத்து, அங்கிருந்து கடைப் பற்றுச்சீட்டையும் படத்தையும் ஃபாக்ஸில் எடுத்து, முகாமுக்கு மூன்று தரம் நடந்து வெளியே எடுத்தார். என்ன நடந்தது என்று பெரியப்பா சொல்லவில்லை. அதன் பிறகு அவர் சிரித்த சத்தம் எங்கள் பக்கம் வரவேயில்லை. நான் யன்னலடியில் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். சட்டியைக் கழுவுகிற சத்தம் வரும், இருமல் வரும். பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பவில்லை.

அந்த மாதமே ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் பின்வீடு பூட்டியிருந்தது. தலைமன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்களாம். வேலியில் எங்கள் பக்கமாக அவர்கள் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒரு கம்பித் துண்டில் தொங்கியது. அம்மா அதைக் கழற்றி எடுத்தார். அப்படியே அந்த மணலில் குந்தியிருந்து, “என்ர அக்கா, என்ர அக்கா,” என்று தலையில் அடித்து அழுதார். அன்றிலிருந்து அந்த வேலியை அம்மா அடைக்கவில்லை. ஓலை உக்கி விழுந்தது, கதியாலைக் கறையான் தின்றது. இப்போது அங்கே வேலி இருந்ததே தெரியாது. ஊர் அதைப் பெருமையாகச் சொல்லும். எனக்குக் கேட்கவே பிடிக்காது.

பெரியப்பா இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் காலமானார். பெரியம்மா அதற்கு ஆறு வருசம் கழித்து. செத்தவீட்டுக்குப் போக எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவளை நான் இரண்டு வருசத்துக்கு முந்தித்தான் போனில் தேடிப் பிடித்தேன். திருச்சியில் இருக்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். பேச்சில் அந்தப் பக்கத்துத் தமிழ் கலந்துவிட்டது. என்னோடு கொஞ்சம் கதைத்ததும் எங்கள் தமிழ் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவள் எடுப்பாள். பிள்ளைகள், மீன் விலை, முழங்கால் நோ என்று எல்லாம் கதைப்போம். அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் இருவரும் தொடமாட்டோம்.

போன மாதம், என் மகன் ‘அப்ப அது பழுதம்மா’ என்ற கதையைச் சிரிப்பாக நினைத்து அவளுக்குச் சொன்னேன். நானாக வாயைக் கொடுத்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“கனநாளா உன்னட்டக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு உங்கட வீட்டில பியூஸ் போயிட்டுதோ?”

“ஏன் கேக்கிறாய்?”

“பாட்டுப் போய்க்கொண்டு இருந்தது. பாதியில நிண்டிட்டுது. கொம்மா அயன் போட்டிருப்பா, பியூஸ் போயிட்டுதாக்கும், இப்ப வந்திடும் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். எழும்பிப் போயிருந்தா நானும் ஒழுங்கையைக் கண்டிருப்பன். என்ர பக்கத்தை இழுத்திருப்பன். நீ திரும்ப வருவாய் எண்டு இருந்திட்டன்.”

பத்தொன்பது இருபது வருசமாக அப்பாவைத் தான்தான் பிடித்துக்கொடுத்தேன் என்று இருந்திருக்கிறாள் பாவி. ஓம், பியூஸ்தான் போனது என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

“பியூஸ் போகேல்லை,” என்றேன். “நான்தான் இழுத்தனான். ஆமி வாறதைக் கண்டனான்.”

போனில் பின்னால் அவளுடைய சின்னவள் பாடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

“எனக்குப் பதின்மூண்டு வயசுதானே அப்ப,” என்றேன்.

“எனக்கும் பதின்மூண்டுதான்,” என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பசிக்குது, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாலு ஞாயிறு போய்விட்டது. நான் எடுத்தால் மணி அடிக்கிறது, அவள் எடுப்பதில்லை. இன்றைக்கும் பூசையால் வந்து, உடுப்பு மாற்றாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.